வானியலின் கிரேக்கச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி: திருகோணமலையில் தொடங்குவோருக்கான வழிகாட்டி

க.பொ.த. சாதாரண தரம் வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் படித்துவிட்டு ஆங்கில மூல நூல்களுக்குள் இறங்கும் மாணவர்களுக்கும், மாலையில் கடற்கரையில் நின்று வானத்தைப் பார்த்த ஆர்வத்தில் வானியல் நூலொன்றைக் கையில் எடுத்த பெரியவர்களுக்கும் முதலில் எதிர்ப்படும் தடை கணிதம் என்றே பலர் நினைக்கிறார்கள். கணிதம் வருவதற்கு முன்னரே சொற்கள் வழியை மறித்துவிடுகின்றன. கொஸ்மொலொஜி, பெரிஹீலியன், குரோமோஸ்பியர் என்று அடுக்கடுக்காக வரும் பெயர்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய முற்படுபவர் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டுவது அரிது. ஆனால், இப்பெயர்களிற் பெரும்பகுதி, சில பத்துக் கிரேக்கச் சொற்களை மாற்றி மாற்றிப் பொருத்திக் கட்டப்பட்டவையே. அந்தத் துண்டுகளை அறிந்துகொண்டவர், முன்பின் பார்த்திராத சொல்லையும் ஓரளவு ஊகித்துப் படித்துவிடலாம். இதற்குக் கிரேக்க மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிரேக்க எழுத்துகள்கூடப் பின்னர்தான் தேவைப்படும்.

முதற்படி: மூன்று நிரல்கள் கொண்ட குறிப்பேடு

ஒரு கொப்பியை எடுத்து, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று நிரல்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நிரலில் ஆங்கில நூலில் வரும் சொல்லையும், இரண்டாவதில் அதன் கிரேக்கத் துண்டுகளின் நேர்ப்பொருளையும், மூன்றாவதில் இன்றைய விஞ்ஞானம் அச்சொல்லால் எதைக் குறிக்கிறது என்பதையும் எழுத வேண்டும். இரண்டாம் நிரலும் மூன்றாம் நிரலும் பெரும்பாலும் ஒத்துப்போகா. அந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இப்பயிற்சியின் முக்கியமான பகுதி என்பதால், இரண்டையும் ஒரே நிரலிற் கலந்து எழுதிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: வாலிலிருந்து வெட்டுதல்

நீண்ட சொல்லொன்றைக் கண்டால் அதன் இறுதிப் பகுதியை முதலில் வெட்டிப் பாருங்கள். ‘லொஜி’ என்று முடிந்தால் அது ‘லொகொஸ்’, அதாவது பேச்சு, காரணம், ஆராய்ந்து சொல்லுதல். ‘னமி’ என்று முடிந்தால் ‘நொமொஸ்’, விதி அல்லது ஒழுங்குமுறை. ‘ஸ்கோப்’ என்பது ‘ஸ்கொபெய்ன்’, பார்த்தல். ‘ஸ்பியர்’ என்பது ‘ஸ்பைரா’, கோளம். ‘நோட்’ என்பது ‘நவ்த்தேஸ்’, மாலுமி. ‘ஒயிட்’ என்பது ‘எய்தொஸ்’, வடிவம் அல்லது தோற்றம். இந்த ஆறு வால்களையும் தெரிந்துகொண்டால் முதல் வாரத்துக்குப் போதும்.

இனித் தலைப்பகுதிக்கு வரலாம். ‘அஸ்ட்ரொன்’ என்றால் விண்மீன். அதனுடன் நொமொஸ் சேர்ந்தால் விண்மீன்களின் விதி, அதாவது அஸ்ட்ரோனமி. லொகொஸ் சேர்ந்தால் அஸ்ட்ரோலொஜி. சொல்லமைப்பை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் ‘விண்மீன்களைப் பற்றிய ஆய்வு’ என்ற பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆயினும் வழக்கில் முன்னது வானியலுக்கும் பின்னது சோதிடத்துக்கும் உரியதாகிவிட்டது. மாலுமி சேர்ந்தால் அஸ்ட்ரோநோட், விண்மீன்களுக்கிடையே கலம் செலுத்துபவர். சோவியத் நாட்டவர் தம் விண்வெளி வீரரைக் ‘கொஸ்மோநோட்’ என்றார்கள். அங்கே தலைப்பகுதி ‘கொஸ்மொஸ்’.

கொஸ்மொஸ் என்ற சொல்லுக்குச் சற்று அதிக நேரம் கொடுங்கள். ஒழுங்கு, சீரான அமைப்பு, அணிகலன் ஆகிய மூன்று பொருளும் அதற்கு உண்டு. படையை அணிவகுப்பதற்கும் உடலை அலங்கரிப்பதற்கும் கிரேக்கர் ஒரே வினையைப் பயன்படுத்தினர். அதனால்தான் முகப்பூச்சு விற்கும் கடையின் ‘கொஸ்மெட்டிக்ஸ்’ என்ற பலகையும், அண்டத்தின் தோற்றத்தை ஆராயும் கொஸ்மொலொஜியும் ஒரே வேரிற் பிறந்தவையாக இருக்கின்றன. முழு அண்டத்தையும் முதன்முதலில் கொஸ்மொஸ் என்று அழைத்தவர் பித்தாகரசு என்பது பழைய மரபு. அச்சொல்லுக்குள், அண்டம் ஒழுங்குடையது, அந்த ஒழுங்கு அழகுடையது என்ற துணிபும் அடங்கியிருக்கிறது. இதற்கு எதிரே நிற்பது ‘கயோஸ்’. இன்று அதைக் குழப்பம் என்று மொழிபெயர்க்கிறோம். பழைய கிரேக்கத்தில் அது வாய் பிளந்து கிடக்கும் வெறுமை. 17ஆம் நூற்றாண்டில் பெல்ஜியப் பகுதியைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ட், கண்ணுக்குத் தெரியாத வாயுக்களுக்குப் பெயர் தேடியபோது இந்தக் கயோஸையே சுருக்கிக் ‘காஸ்’ ஆக்கினார். நமது குசினியில் இருக்கும் காஸ் சிலிண்டர் வரை அச்சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

மூன்றாம் படி: பெயரின் பொருளையும் பொருளின் இயல்பையும் பிரித்து வைத்தல்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். வேர்ப்பொருளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதையே வரைவிலக்கணமாக எழுதிவிடுகிறார்கள். பெயர் வைத்தவருக்கு அன்று அப்பொருள் எப்படித் தோன்றியது என்பதை மட்டுமே வேர் சொல்கிறது.

‘பிளனேட்டேஸ்’ என்றால் அலைந்து திரிபவர். விண்மீன்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறாமல் இரவுதோறும் ஒரே அமைப்பிற் செல்ல, சில ஒளிகள் மட்டும் அவற்றினூடே நகர்ந்துகொண்டிருந்தன; அவற்றைக் கிரேக்கர் அலையும் விண்மீன்கள் என்றனர். அந்தக் கணக்கிற் சூரியனும் சந்திரனும்கூட அடங்கும். நாம் நிற்கும் புவி அடங்காது. சூரியனைச் சுற்றுவது என்ற இன்றைய கருத்து அச்சொல்லுக்குள் கடுகளவும் இல்லை.

‘கொமேட்டேஸ்’ என்றால் நீண்ட கூந்தலையுடையது. தமிழில் நாம் வால் என்று பார்த்ததைக் கிரேக்கர் கூந்தல் என்று பார்த்தார்கள். நமது பாடநூல்களின் வால்வெள்ளி ஆங்கிலத்தில் கொமெட் ஆனது அப்படித்தான். ‘கலக்ஸியாஸ்’ என்பது பால் நிறமானது; பால் என்ற பொருளுடைய ‘கலா’ அதன் வேர். தொடக்கத்தில் அது இரவில் நமக்குத் தெரியும் பால்வீதி ஒன்றுக்கே உரிய பெயர். 1920களில் எட்வின் ஹபிள் அந்திரோமீடா நமது பால்வீதிக்கு வெளியே உள்ள தனியொரு தொகுதி என்று காட்டிய பின்னர், அத்தகைய எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுப்பெயராகக் கலக்சி நிலைபெற்றது.

நேர்ப்பொருளை அப்படியே நம்பினால் முழுவதும் தவறிவிடக்கூடிய சொல் அஸ்டரொயிட். ‘விண்மீன் போன்றது’ என்பது அதன் பொருள்; 1802இல் வில்லியம் ஹேர்ஷல் முன்மொழிந்தார். அன்றைய தொலைகாட்டிகளில் இச்சிறுகோள்கள் வட்டத்தட்டாகத் தெரியாமல் விண்மீனைப் போல் வெறும் புள்ளியாகத் தெரிந்தன. அதனால் வந்த பெயர் இது. பாறைத் துண்டுகளுக்கும் விண்மீனுக்கும் வேறு எந்த ஒற்றுமையும் கிடையாது.

‘மெத்தேயொரொஸ்’ என்பதும் அவ்வாறே குழப்பும். உயரத்தில் தூக்கி நிறுத்தப்பட்டது என்பது பொருள். மழை, இடி, வானவில், எரிவெள்ளி, வால்வெள்ளி யாவும் நிலவுக்குக் கீழேயுள்ள வெளியில் நிகழ்பவை என்று அரிஸ்டோட்டில் கருதியதால் அனைத்தும் ஒரே தலைப்பின் கீழ் வந்தன. இன்று மீட்டியர் என்றால் எரிவெள்ளி. மீட்டியரொலொஜி என்றால் வானிலை ஆய்வு. மழை வருமா என்று அறிவிக்கும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் ஆங்கிலப் பெயரைப் பார்த்துவிட்டு எரிவெள்ளிகளைப் பற்றி அங்கே விசாரிக்கப் போக வேண்டாம்.

நான்காம் படி: முன்னொட்டுகள்

‘பெரி’ என்றால் சுற்றி, அருகில். ‘அப்போ’ என்றால் விலகி. ‘ஹேலியொஸ்’ சூரியன், ‘கே’ புவி. இந்த நான்கையும் பொருத்தினால் நான்கு சொற்கள் ஒரே மூச்சிற் கிடைக்கும். புவி சூரியனுக்கு மிக அருகில் வரும் இடம் பெரிஹீலியன், மிகவும் விலகும் இடம் அஃபீலியன். சந்திரன் புவிக்கு மிக அருகில் வரும் இடம் பெரிஜி, மிகவும் விலகும் இடம் அப்போஜி. பெரிஹீலியன் ஜனவரித் தொடக்கத்தில், சுமார் 14 கோடி 71 இலட்சம் கிலோமீற்றர் தூரத்தில் நிகழ்கிறது. அஃபீலியன் ஜூலைத் தொடக்கத்தில், சுமார் 15 கோடி 21 இலட்சம் கிலோமீற்றரில். திருகோணமலையில் வாடைக்காற்றும் மழையும் உள்ள ஜனவரியிற் சூரியன் அருகிலும், கச்சான் காற்று வறட்டி எடுக்கும் ஜூலையில் தொலைவிலும் இருக்கிறது என்பதை மூன்றாம் நிரலில் எழுதி வையுங்கள். பருவங்களுக்குக் காரணம் தூரம் என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஒரு வரியே போதிய மறுப்பு.

ஐந்தாம் படி: வெளியே சென்று பார்த்தல்

திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையில், கிழக்கே திறந்த கடலுடன் இருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை இரவு வானம் பெரும்பாலும் தெளிவாகவே கிடைக்கும். நகர வெளிச்சத்தை விட்டு நிலாவெளிப் பக்கம் சென்றால் இன்னும் நல்லது.

கீழ்வானத்திலிருந்தே தொடங்குங்கள். கடலும் வானமும் தொடும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் ஹொரைசன் என்று பெயர். எல்லையிடுதல் என்ற பொருளுடைய ‘ஹொரிஸெய்ன்’ என்ற வினையிலிருந்து வந்தது. வைகாசி, ஆனி மாத முன்னிரவில் தென்கிழக்கே தேள் வடிவத்தில் ஒரு விண்மீன் கூட்டம் எழும். அதன் நடுவில் சிவந்து தெரிவது நமது கேட்டை நட்சத்திரம். கிரேக்கர் அதை ‘அந்தாரேஸ்’ என்றனர். செவ்வாய்க்குரிய போர்த்தெய்வம் ஆரேஸ். அந்தச் செந்நிறத்துக்குப் போட்டியாக நிற்பது அந்தாரேஸ். செவ்வாய் அதன் அருகே வரும் ஆண்டுகளில் இரண்டையும் ஒருசேரப் பார்த்தால் பெயரின் நியாயம் விளங்கும்.

வடக்கே திரும்பினால் கரடி. சப்தரிஷி மண்டலத்தின் ஏழு விண்மீன்களைத் தன் உடலின் ஒரு பகுதியாகக் கொண்ட பெருங்கரடியைக் கிரேக்கர் ‘அர்க்தொஸ்’ என்றனர். வடதுருவப் பகுதிக்கு ஆர்க்டிக் என்ற பெயர் வந்தது அங்குள்ள பனிக்கரடிகளால் என்று பலர் எண்ணுகிறார்கள்; அது வானத்துக் கரடியால் வந்தது. கரடிக்குக் காவலாக நிற்பது ‘அர்க்தூரொஸ்’, நமது சுவாதி. கிரேக்கரின் ஆர்க்டிக் வட்டம் நிலத்தில் வரைந்த கோடாகத் தொடங்கவில்லை. ஒருபோதும் மறையாத விண்மீன்களை வளைத்து வானத்தில் வரைந்த கோடு அது. கிரேக்கத்திலிருந்து பார்த்தால் பெருங்கரடியின் அந்த ஏழு விண்மீன்கள் அக்காலத்தில் மறைவதே இல்லை. அதனாலேயே ஹோமர், சமுத்திரத்தில் நீராடாத ஒரே கூட்டம் கரடி என்றார். திருகோணமலையில் அந்த வட்டம் துருவத்தைச் சுற்றி வெறும் எட்டரைப் பாகைதான். நமது கரடி ஒவ்வொரு நாளும் தொடுவானத்தின் கீழே இறங்கிக் குளித்துவிட்டே வருகிறது. துருவ விண்மீனோ வடக்குத் தொடுவானத்தின் மேல் எட்டரைப் பாகை உயரத்தில், பெரும்பாலும் மங்கலுக்குள் நிற்கிறது. ஓரிடத்து வானத்தைப் பார்த்து வைத்த பெயரை இன்னோரிடத்திலிருந்து படிக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல் எனக்குத் தெரியவில்லை.

தெற்கில் நிலைமை நேரெதிர். மாசி, பங்குனி முன்னிரவில் தென்திசையிற் பளிச்சிடும் அகத்திய நட்சத்திரத்தை ஆங்கில நூல்கள் கனோப்பஸ் என்கின்றன. மெனெலாவுஸ் மன்னனின் கப்பலைச் செலுத்திய மீகாமனின் பெயரால் அது வழங்கியது என்பது கிரேக்க மரபு. இங்கே அது தொடுவானத்திலிருந்து 28 பாகைக்கு மேல் ஏறும். ஏதென்ஸிலோ தலைகாட்டவே காட்டாது. ரோட்ஸ் தீவில் கடலைத் தொட்டுக்கொண்டு மறையும். ரோட்ஸிலும் அலெக்சாந்திரியாவிலும் அது எட்டும் உயரங்களின் வேறுபாட்டைக் கொண்டுதான் கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் புவியின் சுற்றளவைக் கணக்கிட்டார்.

சில இரவுகளில் மெல்லிய உயர்முகிலினூடே நிலவைச் சுற்றி ஒரு பெரிய வளையம் தோன்றும். பழந்தமிழ் அதை ஊர்கோள் என்றது. ஊரார் நிலவு கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள். ஆங்கிலத்தில் ஹேலோ. அதன் வேரான ‘ஹலோஸ்’, சூடடிக்கும் களம். உழவு இயந்திரம் வருவதற்கு முன்னர் தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் மாடுகளைப் பிணைத்துச் சூடு மிதித்ததைப் பார்த்த முதியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாடுகள் சுற்றிச் சுற்றி நடந்த வட்டத் தடம்தான் கிரேக்க உழவனுக்கு வானத்தில் தெரிந்தது. மூன்றாம் நிரலில், முகிலிலுள்ள பனிப்பளிங்குகள் ஒளியை முறிப்பதால் சுமார் 22 பாகை ஆரையில் உண்டாகும் வளையம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

பகலிலும் வேலை இருக்கிறது. ‘த்ரொப்பே’ என்றால் திரும்புதல். சூரியன் வடக்கே சென்று திரும்பும் எல்லையும் தெற்கே சென்று திரும்பும் எல்லையும் இரண்டு திரொப்பிக் கோடுகள். நாம் அவற்றுக்கு இடையில் இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் ஒருமுறையும், ஓகஸ்ட் இறுதியில் மறுமுறையும் நண்பகற் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. நட்டு வைத்த தடிக்கு நிழல் இராது. வெப்பவியலில் வரும் கணியமொன்றுக்கு 1865இல் ஜேர்மன் பௌதிகவியலாளர் கிளவுசியஸ் உருவாக்கிய என்ட்ரொப்பி என்ற சொல்லின் பின்பாதியும் இதே த்ரொப்பேதான்.

கிரகணத்துக்கு வருவோம். நமது சொல்லுக்குப் பற்றிக்கொள்ளுதல் என்பது பொருள். ஏதோ ஒன்று சூரியனைப் பிடிக்கிறது. கிரேக்க ‘எக்லெய்ப்ஸிஸ்’, கைவிட்டு அகலுதல், வரத் தவறுதல். சூரியன் நம்மை விட்டுப் போய்விடுகிறது. கிரகணங்கள் சந்திரன் எந்தப் பாதையைத் தொடும்போது மட்டும் நிகழுமோ, அதாவது சூரியனின் ஆண்டுப் பாதை, அதற்கு எக்லிப்டிக் என்று பெயர் வந்ததும் இதனால். 2019 டிசெம்பர் 26இல் இலங்கையின் வடபகுதியில் வளையச் சூரிய கிரகணமாகத் தெரிந்ததை நினைவிற் கொண்டவர்கள் பலர் இருப்பார்கள். அடுத்ததைப் பார்க்கும்போது உரிய கண்ணாடி இல்லாமற் பார்க்க வேண்டாம்.

ஆறாம் படி: கிரேக்கம் அல்லாதவற்றைக் களைதல்

வானியற் சொல் என்றாலே கிரேக்கம் என்று முடிவுகட்டுவதும் தவறு. யுனிவேர்ஸ், சோலர், ஓர்பிட், நெபியூலா, நோவா, கிரவிட்டி யாவும் இலத்தீன். புவி தவிர்ந்த கோள்களின் ஆங்கிலப் பெயர்களும் உரோமத் தெய்வங்களுடையவை. யுரேனஸ் மட்டும் ‘ஊரனொஸ்’ என்ற கிரேக்க வானத்தெய்வம். விண்மீன்களின் பெயர்களிற் பெருந்தொகை அரபு: ரோகிணியைக் குறிக்கும் அல்டெபரான், திருவாதிரையைக் குறிக்கும் பெட்டல்ஜூஸ் என்பன போல. இலங்கையைத் தப்ரபேன் என்று தன் புவியியல் நூலில் விவரித்த அதே தொலமி எழுதிய வானியல் நூல்கூட, ‘மிகப் பெரியது’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் அரபுச் சுட்டிடைச்சொல் சேர்ந்து, ‘அல்மஜெஸ்ட்’ என்றே இன்று அறியப்படுகிறது.

ஏழாம் படி: பழைய வேரிற் புதிதாகக் கட்டிய சொற்கள்

கிரேக்கர் காணாதவற்றுக்கும் கிரேக்கத்திலேயே பெயர் வைத்தார்கள். தொலைவு என்ற ‘தேலே’யும் பார்த்தலும் சேர்ந்த டெலஸ்கோப் என்ற பெயரை 1611இல் கலிலியோவுக்கு அளிக்கப்பட்ட விருந்தொன்றில் தெமிசியானி சூட்டினார். நமது தொலைகாட்டி ஏறக்குறைய அதன் நேர்மொழிபெயர்ப்பு. சூரியனின் அடுக்குகளான குரோமோஸ்பியர் நிறக்கோளம், போட்டோஸ்பியர் ஒளிக்கோளம்; வளிமண்டலமான அட்மொஸ்பியர் ஆவிக்கோளம். 1995இல் ஐம்பத்தொன்று பெகாசி என்ற சூரியனை ஒத்த விண்மீனைச் சுற்றும் கோள் அறிவிக்கப்பட்ட பின்னர் பரவலான எக்ஸோபிளனட் என்பது, ‘எக்ஸோ’ என்ற வெளியும் பழைய அலைபவரும் சேர்ந்தது.

ஈலியம் தனியே கவனிக்கத்தக்கது. நமது பாடநூல்கள் ஹகரத்தை விட்டு எழுதுவதால் ஹேலியொஸ் மறைந்துவிடுகிறது. ஐதரசனில் நீரைக் குறிக்கும் ‘ஹூதோர்’ மறைவதும் அவ்வாறே. எனவே, தமிழ் எழுத்துக்கூட்டலில் ஈ, ஐ என்று தொடங்கும் மூலகப் பெயர்களில் ஹகரத்தைச் சேர்த்துப் பார்ப்பது நல்ல பழக்கம். 1868 ஓகஸ்ட் 18இன் முழுச் சூரிய கிரகணத்தைப் பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் ஆந்திரத்துக் குண்டூரிலிருந்து நிறமாலைகாட்டியாற் பார்த்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் நோர்மன் லொக்கியர், சூரிய ஒளியில் அறிந்த எந்த மூலகத்துக்கும் பொருந்தாத மஞ்சட் கோட்டைக் கண்டார். சூரியனில் மட்டும் உள்ளது என்று கருதி ஹேலியொஸின் பெயரை வைத்து, உலோகம் என்ற ஊகத்தில் ‘இயம்’ என்ற ஈற்றையும் கொடுத்தார்கள். 1895இல் ராம்சே அதைப் புவியிலேயே பிரித்தெடுத்தபோது அது வாயு என்று தெளிவானது, பெயரோ மாறவில்லை. அதன் இனத்தைச் சேர்ந்த நியோன், கிரிப்டன், செனோன் ஆகியவற்றின் ஈறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அம்மூன்றுக்கும் முறையே புதியது, மறைந்தது, அந்நியன் என்பவை நேர்ப்பொருள்.

எட்டாம் படி: கிரேக்க எழுத்துகளும் நமது பஞ்சாங்கமும்

இப்போது எழுத்துகளைக் கற்கலாம், இருபத்துநான்குதான். 1603இல் யொஹான் பாயர் வெளியிட்ட விண்மீன் வரைபட நூல், ஒவ்வொரு கூட்டத்திலுமுள்ள விண்மீன்களைப் பெரும்பாலும் ஒளியளவின் வரிசையில் அல்பா, பீட்டா, காமா என்று குறித்தது. அந்நூலின் பெயரான யுரனொமெட்ரியா என்பதையே இதுவரை கற்றதைக் கொண்டு நீங்கள் பிரிக்க முடியும்: வானம், அளத்தல். மே மாத இரவில் தெற்கே தாழ்வாகத் தெரியும் அல்பா சென்டோரியிற் பயிற்சியைத் தொடங்குவது எளிது.

பஞ்சாங்கத்தில் இருக்கும் சில சொற்களையும் முதல் நிரலிற் சேர்க்க வேண்டும். ஓரை என்பது கிரேக்க ‘ஹோரா’. ஆங்கிலத்தின் மணிநேரச் சொல்லும் அதன் வழிவந்ததே. கேந்திரம் என்பது ‘கென்ட்ரொன்’, வட்டம் வரையும்போது நடுவில் ஊன்றும் கூர்முனை. ஹீலியோசென்ட்ரிக் என்ற சூரியமையக் கொள்கையின் வாலும் அதுவே. திரேக்காணம் ‘தெக்கானொஸ்’ என்பதிலிருந்து வந்தது. இராசியை மூன்றாகப் பிரித்த பத்துப் பாகை. கிறித்துவுக்குப் பிந்திய முதற்சில நூற்றாண்டுகளில் கிரேக்கச் சோதிடமும் கணிதமும் சமஸ்கிருதத்துக்குள் வந்தபோது இவையும் உடன் வந்தன. பாகையின் அறுபதில் ஒரு பங்கைச் சமஸ்கிருத வானியல் நூல்கள் ‘லிப்தா’ என்பதும் சிறியது, மெல்லியது என்ற ‘லெப்தொஸ்’ என்பதன் வழிதான். இலத்திரனை உள்ளடக்கிய அடிப்படைத் துணிக்கைக் குழுவுக்குப் பௌதிகவியலாளர் வைத்த லெப்டோன் என்ற பெயரும் அதே வேர். இவ்விரண்டையும் குறிப்பேட்டில் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள்.